புயலைத் தாங்கும் கண்ணாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுளோரிடா பக்கம் வீடு வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் ‘இம்பாக்ட் கிளாஸ்’ என்ற பேச்சு காதில் விழாமல் போகாது. விற்பவர் “உடையவே உடையாது” என்பார். பக்கத்து வீட்டுக்காரர் “எல்லாம் காசு பிடுங்கும் வேலை” என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. இந்தக் கண்ணாடி என்ன செய்யும், என்ன செய்யாது என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கண்ணாடி உடையுமா, உடையாதா?

உடையும். ஓட்டுத் துண்டோ மரக்கட்டையோ பறந்து வந்து பலமாக மோதினால் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் ஓடிவிடும். ஆனால் உடைந்த பிறகும் இடத்தை விட்டு நகராது. துண்டுகள் எல்லாம் நடுவில் உள்ள பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டிக்கொண்டே நிற்கும். சுவரில் ஓட்டை விழாது. ஓட்டை விழாமல் இருப்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். விரிசல் விழாமல் இருக்கும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அவரிடம் வாங்காதீர்கள்.

ஒரே ஒரு ஜன்னல் போனால் என்ன ஆகிவிடும்? மழைத் தண்ணீர் உள்ளே வரும், அவ்வளவுதானே?

தண்ணீர் வருவது சின்ன விஷயம். பெரிய ஆபத்து கூரைக்கு.

வீட்டின் மேல் காற்று வீசும்போது, காற்று வந்து மோதும் சுவரை அது உள்பக்கமாகத் தள்ளுகிறது. மற்ற சுவர்களையும் கூரையையும் வெளிப்பக்கமாக இழுக்கிறது. எல்லாக் கதவு ஜன்னல்களும் மூடியிருக்கும்வரை கூரை தாங்க வேண்டியது பெரும்பாலும் இந்த வெளி இழுவையை மட்டும்தான். காற்று மோதும் பக்கத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து வீட்டை ஊத ஆரம்பிக்கும். மேலே இருந்து இழுவை, கீழே இருந்து தள்ளல். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன.

அமெரிக்கப் பொறியாளர்கள் காற்றுச் சுமை கணக்கிடப் பயன்படுத்தும் ஏஎஸ்சிஇ 7 என்ற தரநிலையில் இதற்கு எண்ணே இருக்கிறது. காற்றின் அழுத்தத்தில் எவ்வளவு பங்கு உள்ளே இருந்து தள்ளும் என்பதைச் சொல்லும் உள்ளழுத்தக் குணகம், மூடிய கட்டடத்துக்கு 0.18. ஒரு பக்கம் திறந்துபோன கட்டடத்துக்கு 0.55. மூன்று மடங்கு.

தோராயமாக ஒரு கணக்கு போடலாம். அமெரிக்காவில் புயல்களைக் காற்றின் வேகத்தை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்துகிறார்கள். அதில் உச்சமான ஐந்தாம் வகைப் புயல் என்பது மணிக்கு 252 கிலோமீட்டரில் தொடங்குகிறது. வினாடிக்கு 70 மீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ எடை. கூரையின் பரப்பு 150 சதுர மீட்டர் என்று வையுங்கள். எல்லாம் மூடியிருந்தால் உள்ளே இருந்து மேலே தள்ளுவது சுமார் 8 டன். ஜன்னல் போய்விட்டால் 25 டன். வெளியிலிருந்து இழுப்பது இதில் சேரவே இல்லை. கூரையைச் சுவரோடு பிணைக்கும் ஆணிகளையும் பட்டைகளையும் 8 டன்னுக்குக் கணக்குப் பார்த்துப் போட்டிருந்தால் அவை 25 டன்னை எப்படித் தாங்கும்?

கூரை போன வீட்டில் அடுத்துப் போவது சுவர்.

காற்றின் வேகம் கொஞ்சம் கூடினால் அழுத்தமும் கொஞ்சம்தானே கூடும்?

இல்லை. அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. முதல் வகைப் புயலைத் தாங்கிய ஜன்னல் நான்காம் வகையையும் தாங்கிவிடும் என்று நம்புவது இங்கேதான் சறுக்குகிறது.

இதை எப்படித் தயாரிக்கிறார்கள்?

இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு படலம். இதுதான் லேமினேட்டட் கண்ணாடி. கார்களின் முன்பக்கக் கண்ணாடியும் இதே வகைதான், ஆனால் புயலுக்கு வரும்போது படலம் தடிமனாக இருக்கும். காரில் பொதுவாக 0.76 மில்லிமீட்டர், பெரிய மோதலைத் தாங்க வேண்டிய ஜன்னலில் 2.28 மில்லிமீட்டர் வரை போடுவது வழக்கம்.

படலத்துக்குப் பெரும்பாலும் பிவிபி, அதாவது பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக். தூசி இல்லாத அறையில் இதைத் தகடுகளுக்கு நடுவே விரித்து, உருளைகளுக்கிடையே அழுத்திக் காற்றை வெளியேற்றி, பிறகு ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலத்தில் 140 டிகிரி செல்சியஸ் அளவில், காற்று மண்டலத்தைப்போல் 12 மடங்கு அழுத்தத்தில் வைப்பார்கள். உள்ளே போகும்போது பால் போல் மங்கலாக இருப்பது, வெளியே வரும்போது தெளிவாகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. படலம் கண்ணாடியோடு எவ்வளவுக்கெவ்வளவு இறுக ஒட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். அது சரியல்ல. ரொம்ப இறுக ஒட்டினால், கண்ணாடி விரிசல் விடும் அதே இடத்தில் படலமும் இழுபட வழியில்லாமல் கிழிந்துவிடும். ரொம்பத் தளர்வாக ஒட்டினால் துண்டுகள் உதிர்ந்துவிடும். விரிசலின் ஓரத்தில் மட்டும் படலம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ரப்பர் போல் நீண்டு, மோதலின் ஆற்றலை விழுங்க வேண்டும். அந்த அளவுக்கு ஒட்டுதலை வேண்டுமென்றே கட்டுப்படுத்தித் தயாரிக்கிறார்கள்.

பிவிபியைவிட விறைப்பான அயனோபிளாஸ்ட் என்ற வகையும் உண்டு. டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த சென்ட்ரிகிளாஸ் இந்த வகை. பெரிய கதவுகள், அழுத்தம் மிகுதியாக வரும் இடங்கள், உடைந்த பிறகும் விறைப்பாக நிற்க வேண்டிய இடங்கள் ஆகியவற்றுக்கு இது. சாதாரண வீட்டு ஜன்னலுக்குப் பல நேரங்களில் பிவிபியே போதும்.

சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றிய டஃபன்ட் கண்ணாடியே சாதாரணக் கண்ணாடியைவிட நான்கு மடங்கு வலு என்கிறார்களே, அது போதாதா?

வலு உண்மைதான். ஆனால் உடையும்போது மொத்தமும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகச் சிதறி விழுந்துவிடும். ஆளைக் கிழிக்காது என்பதால் குளியலறைக்கும் காரின் பக்கவாட்டு ஜன்னலுக்கும் நல்லது. புயலில் அதே குணம் வினையாகிறது. சட்டம் மட்டும் நிற்கும், நடுவில் முழு ஓட்டை.

வாங்கும்போது “டஃபன்ட் செய்தது” என்று மட்டும் சொன்னால் “லேமினேட் செய்ததா?” என்று திருப்பிக் கேளுங்கள். டஃபன்ட் தகடுகளையே லேமினேட் செய்வதும் உண்டு. அதில் இரண்டு தகடும் உடைந்தால் பிவிபி தொய்ந்து தொங்கக்கூடும் என்பதால், பல தயாரிப்பாளர்கள் சூடாக்கிய பின் மெதுவாகக் குளிரவைத்து, டஃபன்ட் அளவுக்கு இல்லாமல் உறுதி ஏற்றிய தகடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவை பெரிய துண்டுகளாக உடைவதால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

பீரங்கி வைத்து மரக்கட்டையைச் சுடுகிறார்கள். உண்மையாகவே.

காற்றழுத்தத்தில் இயங்கும் நீண்ட குழாய். அதற்குள் அமெரிக்க வீடுகளின் சட்டகத்துக்குப் போடும் ‘டூ பை ஃபோர்’ மரக்கட்டை: ஏறத்தாழ 8 அடி நீளம், 9 பவுண்டு, அதாவது 4.1 கிலோ எடை. அதை வினாடிக்கு 50 அடி வேகத்தில், மணிக்கு சுமார் 55 கிலோமீட்டரில், முனை முன்னால் வருமாறு கண்ணாடியில் மோத விடுவார்கள். நடுவில் ஒரு அடி, மூலைக்குப் பக்கத்தில் ஒரு அடி. மூலையில் கண்ணாடி வளைய இடமில்லை என்பதால் அந்த அடி கொடியது. 250 கிலோமீட்டர் காற்றுக்கு 55 கிலோமீட்டர் கட்டையா என்று கேட்கலாம். கனமான பொருள் காற்றின் வேகத்தைப் பிடிப்பதற்குள் பெரும்பாலும் எதன் மேலாவது மோதிவிடும் அல்லது தரையில் விழுந்துவிடும். அதனால்தான் இந்த அளவு. மருத்துவமனை, புயல் கட்டுப்பாட்டு மையம் போன்ற இடங்களுக்கு அதே கட்டையை வினாடிக்கு 80 அடி வேகத்தில் விடும் கடுமையான நிலையும் உண்டு. வேகம் 1.6 மடங்குதான், ஆற்றல் இரண்டரை மடங்கு.

சோதனை இதோடு முடிவதில்லை, பாதிதான் ஆகியிருக்கிறது. அடி வாங்கி விரிசல் விட்ட அதே ஜன்னலை அழுத்த அறையில் மாட்டி, உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் ஆட்டுவார்கள். ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் முறையில் மொத்தம் 9,000 தடவை. பாதி உள்நோக்கி, பாதி வெளிநோக்கி. புயல் மணிக்கணக்கில் வீசுவதையும், அதன் கண் கடந்த பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடிப்பதையும் இது காட்டுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் உடைந்த கண்ணாடியின் கூர்முனைகள் படலத்தை அறுக்கும். விளிம்பு சட்டத்திலிருந்து நழுவப் பார்க்கும். கட்டையை அசராமல் தாங்கிய ஜன்னல்கூட இங்கே தோற்கலாம்.

தேர்ச்சிக்கு விதி: 5 அங்குலத்துக்கு மேல் நீளமாகக் காற்றுப் புகும் கிழிசல் இருக்கக்கூடாது; 3 அங்குல விட்டமுள்ள பந்து நுழையும் ஓட்டை இருக்கக்கூடாது. கண்ணாடி உடையக்கூடாது என்று விதியில் எங்குமே இல்லை.

இந்த விதியெல்லாம் எப்போது வந்தது?

1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியைத் தாக்கியது. அப்போது நான்காம் வகை என்றார்கள். 2002-ல் மறு ஆய்வு செய்து ஐந்தாம் வகை என்று திருத்தினார்கள். வரிசை வரிசையாக வீடுகள் போனதைப் பார்த்தபோது, காற்று நேரடியாகச் சுவரைச் சாய்த்ததைவிட, கூரைப் பலகைகளும் ஜன்னல்களும் கதவுகளும் கராஜ் கதவுகளும் முதலில் விட்டுக்கொடுத்ததே அடிப்படைக் காரணம் என்று தெரிந்தது. 1994-ல் மயாமி-டேட் பகுதியில் பறக்கும் பொருள் சோதனை கட்டாயமானது. 2002-ல் மாநிலம் முழுவதற்கும் ஃபுளோரிடா கட்டட விதித்தொகுப்பு வந்தது. மயாமி-டேட், புரோவர்டு என்ற இரண்டு மாவட்டங்களுக்கும் மட்டும் ‘அதிவேகச் சூறாவளி மண்டலம்’ என்று தனியாகக் கடுமையான விதிகள்.

இந்தப் பாடத்தை ஆஸ்திரேலியா முன்பே படித்திருந்தது. 1974 கிறிஸ்துமஸ் விடியற்காலையில் டிரேசி புயல் டார்வின் நகரத்தைத் துடைத்துப்போட்டது. ஜன்னல் உடைந்து உள்ளழுத்தம் ஏறி வீடுகள் பிய்ந்துபோவதை அங்கே அப்போதே கண்டுகொண்டார்கள். 4 கிலோ மரக்கட்டை மோதும் சோதனையும் அங்கே அதன் பிறகு வந்ததுதான். அமெரிக்கா அதைக் கேட்டுக்கொள்ள ஆண்ட்ரூ வரை காத்திருந்தது என்பது என் வருத்தம்.

இருபதாவது மாடிக்கு மரக்கட்டை பறந்து வருமா?

அரிது. அதனால்தான் ஏறத்தாழ 30 அடி, அதாவது 9 மீட்டர் உயரம் வரை மரக்கட்டைச் சோதனை. அதற்கு மேல் சிறு பொருள் சோதனை. இதில் 2 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டுகளை வினாடிக்கு 130 அடி வேகத்தில் சுடுவார்கள்.

எஃகுக் குண்டுகள் கூரைச் சரளைக்கு மாற்று. 1983-ல் அலிசியா புயல் ஹூஸ்டன் நகர மையத்தைத் தாக்கியபோது, தட்டைக் கூரைகளில் பரப்பியிருந்த கூழாங்கற்கள் கிளம்பி, அக்கம்பக்கத்து உயர் கட்டடங்களின் கண்ணாடிகளை நூற்றுக்கணக்கில் உடைத்தன. 2008-ல் ஐக் புயலின்போது அதே ஊரில் மறுபடியும் கண்ணாடி மழை. 2005-ல் வில்மா வந்தபோது மயாமியின் பிரிக்கெல் பகுதியிலும் ஃபோர்ட் லாடர்டேலிலும் அதே காட்சி. மேல்மாடியில் ஒரு கண்ணாடி உடைந்தால் அதன் துண்டுகளே அடுத்த கட்டடத்துக்குத் தோட்டாவாகின்றன.

நல்ல கண்ணாடி வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. சோதனையில் தேறியது கண்ணாடி மட்டும் அல்ல. கண்ணாடி, சட்டம், அதைப் பிடிக்கும் சிலிகோன் பசை, பூட்டு, சுவரில் இறங்கும் திருகு எல்லாம் சேர்ந்த ஒரு முழு ஜன்னல். பழைய அலுமினியச் சட்டத்தில் லேமினேட்டட் கண்ணாடியை மட்டும் மாற்றி மாட்டினால், மோதல் வந்ததும் கண்ணாடி முழுசாக இருக்கும், ஆனால் சட்டத்தோடு கூடத்தில் கிடக்கும்.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒப்புதல் ஆவணத்தில் திருகின் அளவு, இரண்டு திருகுக்கு இடையே எவ்வளவு தூரம், சுவரின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே, கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் என்று வரைபடத்தோடு இருக்கும். ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று இருக்கும் இடத்தில் பன்னிரண்டுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு மேலே பட்டி பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது, புயல் வரும்வரை. பூச்சு போடும் முன் உள்ளூராட்சி ஆய்வாளர் வந்து பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

ஷட்டர் போட்டால் ஆகாதா? விலை குறைவாயிற்றே.

தாராளமாக ஆகும். சோதனையில் தேறிய ஷட்டர் அதே பாதுகாப்பைத் தரும். ஒரே சங்கடம், யாராவது அதை மூட வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாதபோது, வயதானவர் தனியாக இருக்கும்போது, புயல் திசை மாறி ஒரே நாளில் வந்து நிற்கும்போது அது மூடப்படாமலே போகலாம். மூடிவிட்டால் வீடு இருட்டு. வெளியே நடப்பது தெரியாது. காசு இடித்தால் ஷட்டரைத் தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை.

பிளைவுட் அதற்கும் கீழே. அமெரிக்க வீட்டு விதிகள் ஒன்று இரண்டு மாடி வீடுகளுக்கு 7/16 அங்குலப் பலகையை ஏற்கின்றன. ஆனால் முன்கூட்டியே வெட்டி, திருகுக்கு இடம் பார்த்து வைத்திருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடைக்கு ஓடினால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஜன்னலில் டேப்பைக் குறுக்காக ஒட்டினால்?

ஒரு பயனும் இல்லை. கண்ணாடிக்கு வலு ஏறாது. உடையும்போது இன்னும் பெரிய, டேப் ஒட்டிய துண்டுகளாகப் பறந்து வரும்.

கண்ணாடி மேல் ஒட்டப் பாதுகாப்பு ஃபிலிம் என்று விற்பது வேறு. அது துண்டுகளைச் சிதறாமல் பிடிக்கும். ஆனால் ஃபிலிமின் விளிம்பு சட்டத்தோடு பிணைக்கப்படாவிட்டால் மொத்தக் கண்ணாடியும் ஒரு பாய் போல உள்ளே வந்துவிடும். முழுச் சோதனையில் தேறிய ஜன்னலுக்கு அதை மாற்றாக நினைக்காதீர்கள்.

அழுத்தம் சமமாகட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கலாமா?

கூடவே கூடாது. மேலே சொன்ன 25 டன்னை நீங்களே அழைப்பதாகும். உள் அறைகளின் கதவுகளையும் மூடி வையுங்கள். ஒரு அறையில் ஜன்னல் போனாலும் அழுத்தம் வீடு முழுக்கப் பரவுவது குறையும்.

தண்ணீர் உள்ளே வராது அல்லவா?

வரலாம். தண்ணீர்ச் சோதனை, ஜன்னலின் வடிவமைப்பு அழுத்தத்தில், அதாவது அது தாங்குவதற்கென்று வடிவமைத்த காற்றழுத்தத்தில், 15 சதவீதத்தில்தான் நடக்கிறது. உண்மையான புயலில் காற்று அதைவிடப் பலமாகத் தள்ளும். குறிப்பாக நகரும் கண்ணாடிக் கதவின் தண்டவாளத்தில் தண்ணீர் பொங்கி உள்ளே வழியும். துடைக்கத் துணிகளைத் தயாராக வைத்திருங்கள், பதற வேண்டாம். கடல் பொங்கி வரும் வெள்ளத்துக்கு இந்தக் கண்ணாடி பதிலே இல்லை. வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் எந்த ஜன்னல் இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும்.

தீப்பிடித்தால் ஜன்னலை உடைத்துத் தப்பிக்க முடியுமா?

சுத்தியலால் அடித்தாலும் லேசில் வழி கிடைக்காது. அதனால் படுக்கையறை ஜன்னல் உள்ளிருந்து சுலபமாகத் திறக்க வேண்டும். திறக்காத நிலையான கண்ணாடியை அங்கே போட விற்பவர் யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். குழந்தைகளுக்கும் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொடுங்கள். இதே குணம் திருடனுக்கும் தொல்லை என்பது கூடுதல் லாபம். வெளிச் சத்தம் குறையும், புற ஊதாக் கதிர் பெரும்பகுதி தடுக்கப்படும் என்பவையும் உண்மையே.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கண்ணாடியின் மூலையில் அழியாதபடி பொறித்த சிறு முத்திரையையும், சட்டத்தில் உள்ள சீட்டையும் பாருங்கள். ஃபுளோரிடா தயாரிப்பு ஒப்புதல் எண் அல்லது மயாமி-டேட் ஏற்பு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை அரசு இணையதளத்தில் தேடினால் முழு வரைபடமும் கிடைக்கும். பிறகு வடிவமைப்பு அழுத்தம்: கூட்டல் 50, கழித்தல் 60 என்பது போல் இரண்டு எண், சதுர அடிக்குப் பவுண்டுக் கணக்கில். கழித்தல் எண் இழுவைக்கானது. கட்டடத்தின் மூலைப் பக்கத்தில் இழுவை அதிகம்; ஆகவே நடுச்சுவருக்குப் போதுமான அதே ஜன்னல் மூலைக்குப் போதாமல் போகலாம்.

காப்பீட்டில் தள்ளுபடி உண்டா? அரசு உதவி?

ஃபுளோரிடாவில் காற்றுச் சேதத்தைக் குறைக்கும் வேலைகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தரவேண்டும் என்பது சட்டம். உரிமம் பெற்றவர் வந்து பார்த்து இதற்கென உள்ள படிவத்தை நிரப்புவார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மதிப்பீடு வீட்டின் மிகப் பலவீனமான திறப்பை வைத்து. பத்து ஜன்னல் மாற்றி, கராஜின் சின்னக் கண்ணாடியை மட்டும் விட்டிருந்தால் முழுச் சலுகை கிடைக்காது. ‘மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்’ என்ற மாநிலத் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு 10,000 டாலர் வரை மானியம் கிடைத்திருக்கிறது. நிதி இருக்கும்போதுதான் விண்ணப்பம் திறக்கும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் காசு இல்லை. எங்கே தொடங்குவது?

கராஜ் கதவில். வீட்டிலேயே மிகப் பெரிய திறப்பு அது. வலுவில்லாததாக இருந்தால் முதலில் உள்ளே மடங்குவதும் அதுதான். அடுத்தது நகரும் பெரிய கண்ணாடிக் கதவுகள். மாறாத ஜன்னல்களுக்கு அதுவரை ஷட்டரோ பலகையோ கட்டாயம் வையுங்கள். பாதி மாற்றிவிட்டோம், பாதிப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று கணக்குப் போட முடியாது. காற்று மீதிப் பாதியைத் தேடி வரும்.

புயல் போனபின் கண்ணாடி விரிசலோடு நிற்கிறது. என்ன செய்ய?

தட்டிப் பார்க்காதீர்கள், பிடுங்காதீர்கள். உள்பக்கம் பொடி உதிர்ந்திருக்கும். காலில் செருப்போடு போங்கள். முத்திரையும் விரிசலும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்துக் காப்பீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். லேமினேட்டட் கண்ணாடியை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். புயல் பருவம் நவம்பர் 30 வரை ஓடும் என்பதால், புதுக் கண்ணாடி வரும்வரை வெளிப்பக்கம் ஒரு பலகையை அடித்து வையுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது பழைய ஒப்புதல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வேறு தடிமனில், வேறு படலத்தில் வந்தால் அந்த ஜன்னலுக்கு இருந்த ஒப்புதல் செல்லாது.